"ரன்" என்ற ஒற்றைச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்றுக்கொள்கிறவர்கள், மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள், ஆங்கிலப் படத்தைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பார்க்கிறவர்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றி வந்து கேட்பது இந்தச் சொல்லைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

ரன் என்றால் ஓடுவது. இதில் என்ன சந்தேகம் வரும்?

காலால் ஓடுவது மட்டும் என்றால் சந்தேகமே இல்லை. ஆனால் நம் 'ஓடு' என்ற சொல்லையே எடுத்துப் பாருங்கள். படம் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, மனசுக்குள் என்னவோ ஓடுகிறது. இதில் எதற்கும் கால் கிடையாது. யாரும் குழம்புவதும் கிடையாது. ஆங்கில ரன்னும் அதே ரகம்தான்.

நமக்குச் சிக்கல் வருவது இரண்டு இடத்தில். முதலாவது, தமிழில் 'ஓடு' வேறு, 'ஓட்டு' வேறு. தானாக நடந்தால் ஓடு, இன்னொருவர் செய்வித்தால் ஓட்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரன்தான். பழைய ஜெர்மானிய மொழிகளில் நம்மைப் போலவே இரண்டு தனி வினைகள் இருந்தன. ஆங்கிலத்தில் அவை ஒன்றாகக் கலந்துவிட்டன. இரண்டாவது, ரன்னுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் அவுட், இன்டு, ஓவர், டவுன் போன்ற குட்டிச் சொற்கள் பொருளையே புரட்டிப் போட்டுவிடும்.

அதனால் ரன் எங்கே வந்தாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். தானாக ஓடுகிறதா, யாராவது ஓட்டுகிறார்களா? பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது? கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன.

இந்த ஒரு சொல்லுக்கு 645 அர்த்தமாமே? உண்மையா, யாராவது கிளப்பிவிட்டதா?

உண்மைதான். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் திருத்திய பதிப்புக்காக இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டவர் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர். வேலை முடிய ஒன்பது மாதம் ஆனது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் தேறியது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. அதை ரன் முந்திவிட்டது.

எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆறு ஓடுவதையும் சாயம் ஓடுவதையும் அகராதிக்காரர் தனித்தனியாக எண்ணுவார். எப்போதோ வழக்கொழிந்த பொருள்களையும் சேர்ப்பார். அது அவர் வேலை. படிக்கிறவருக்கு ஏழெட்டுக் கிளைகள் பிடிபட்டால் போதும், மற்றவை அந்தக் கிளைகளில் தொங்குகிற இலைகள்தான்.

'ஐ ஹேவ் ரேன்' என்று எழுதினேன், தப்பு என்று வட்டம் போட்டுவிட்டார்கள். ஏன்?

ரன், ரேன், ரன். நிகழ்காலமும் மூன்றாம் வடிவமும் ஒன்று, நடுவில் உள்ள இறந்தகாலம் மட்டும் மாறும். 'கம், கேம், கம்' எப்படியோ அப்படியே. 'ஹேவ்', 'ஹேட்' வந்தால் மூன்றாம் வடிவம்தான் வரணும், ஆகவே 'ஐ ஹேவ் ரன்'. செயப்பாட்டு வினையிலும் அதேதான்: 'த ஸ்கூல் இஸ் ரன் பை டூ சிஸ்டர்ஸ்', அதாவது இரண்டு சகோதரிகள் அந்தப் பள்ளியை நடத்துகிறார்கள். ரன்னிங், ரன்னர் எழுதும்போது 'என்' எழுத்து இரண்டு முறை வரும்.

ஆறு ஓடுது, மூக்கு ஒழுகுது, சாயம் போகுது. எல்லாத்துக்கும் ரன்னா?

ஆமாம். திரவம் வழிந்து போகும் எல்லாவற்றுக்கும் ரன் வரும். இது பிற்பாடு ஒட்டிக்கொண்ட பொருள் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, சொல்லின் வேரிலேயே இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ரின்னன்' என்றால் வழிந்தோடுவது, 'ரென்னன்' என்றால் காலால் ஓடுவது. இரண்டும் ரன்னுக்கு உறவு.

தமிழில்தான் நாம் இடத்துக்கு ஒரு வினை வைத்திருக்கிறோம். ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், அழுதால் கண்மை வழியும், மெழுகு உருகி வடியும். மொழிபெயர்க்கும்போது ஐந்து இடத்திலும் 'ஓடியது' என்று போட்டால் வாசகர் சிரிப்பார். 'ரன் எ பாத்' என்றால் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியை நிரப்புவது. 'ரன்னிங் வாட்டர்' என்பது ஓடுகிற தண்ணீர் மட்டும் இல்லை, வீட்டில் குழாய்த் தண்ணீர் வசதி இருப்பதையும் குறிக்கும்.

மூக்கு விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். 'மை நோஸ் இஸ் ரன்னிங்' சரி. ஆனால் வியாதியின் பெயராகச் சொல்லும்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'ரன்னி நோஸ்' என்பார்கள். நாம் சொல்கிற 'ரன்னிங் நோஸ்' அவர்கள் காதுக்கு மூக்கு தனியாக எழுந்து ஓடுவது மாதிரி கேட்கும். அப்புறம், பன்மையில் 'த ரன்ஸ்' என்று யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் அது கிரிக்கெட் இல்லை. வயிற்றோட்டம். இந்த ஒரு இடத்தில் இரண்டு மொழியும் அச்சு அசலாக ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

கம்பெனியை 'ரன்' பண்றார் என்றால் ஓட்டுகிறாரா, நடத்துகிறாரா?

நடத்துகிறார். ஆங்கிலக்காரர் நிறுவனத்தை ஓடவைக்கிறார், நாம் நடக்கவைக்கிறோம். கடை நடத்துவது, பள்ளி நடத்துவது, கூட்டம் நடத்துவது, பரிசோதனை நடத்துவது எல்லாம் ரன்தான். 'ரன் எ டெஸ்ட்' என்பதைப் 'பரிசோதனை ஓட்டினார்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வலிக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, தமிழில் 'ஓட்டு' என்று போட்டால் நிறம் மாறிவிடும் என்பது. "கடையை நடத்துகிறேன்" என்றால் மரியாதையான தொழில். "ஏதோ கடையை ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்றால் கஷ்ட ஜீவனம். குடும்பத்துக்கும் அப்படியே: நடத்துவது ஒன்று, ஓட்டுவது இன்னொன்று. ஆங்கில ரன்னில் இந்தச் சலிப்பு கிடையாது. பெரிய நிறுவனத்தின் தலைவரும் 'ஐ ரன் திஸ் கம்பெனி' என்று மார்தட்டித்தான் சொல்வார்.

'வி கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்' என்று படித்தேன். ஓட்டத் தெரியாது என்கிறாரா?

நன்றாகவே ஓட்டத் தெரிந்தவராக இருக்கலாம். பிரிட்டிஷ் வழக்கில் 'ரன் எ கார்' என்றால் சொந்தமாக ஒரு கார் வைத்து, எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் செலவு செய்து பராமரிப்பது. அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை என்கிறார். ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதற்கு 'டிரைவ்' தனியாக இருக்கிறது.

இதே கார் இன்னொரு விதத்திலும் வரும். 'ஐ வில் ரன் யூ டு த ஸ்டேஷன்' என்றால் உங்களை ஸ்டேஷன்வரை துரத்தப்போவதில்லை. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அர்த்தம்.

'த பஸ் ரன்ஸ் எவரி டென் மினிட்ஸ்' என்கிறார்கள். நடுவில் நின்றுவிடுமா?

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு, அவ்வளவுதான். கால அட்டவணைப்படி நடக்கிற எதற்கும் ரன் வரும்: பஸ், ரயில், வகுப்பு, கண்காட்சி. ஒப்பந்தம் இரண்டு வருடம் 'ரன்' ஆகும், அதாவது அதுவரை செல்லும். படம் நூறு நாள் ஓடியது என்று நாம் சொல்வதற்கும் இதே ரன்தான். 'ரன்னிங் லேட்' என்றால் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. மனிதர்களுக்கும் அது பொருந்தும். 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்று செய்தி அனுப்பியவர் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று நம்பாதீர்கள். கட்டிலைவிட்டே எழுந்திருக்க மாட்டார்.

இடத்துக்கும் இது நீளும். சாலை ஆற்றங்கரையோடு 'ரன்ஸ்' என்றால் ஆற்றை ஒட்டியே செல்கிறது. சுவரில் விரிசல் 'ரன்ஸ்' என்றால் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருக்கிறது.

கிரிக்கெட்டில் பந்து பவுண்டரிக்குப் போனால் யாரும் ஓடவே இல்லை. அதற்கும் ஏன் நாலு ரன்?

விதிப்படி ஒரு ரன் என்பது இரண்டு பேட்டரும் ஒருவரை ஒருவர் கடந்து, எதிர்முனைக் கோட்டைத் தொடுவது. ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கஜம். ஆனால் தொட வேண்டிய கோடு ஒவ்வொரு பக்கமும் ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் இருப்பதால், ஓட வேண்டிய தூரம் உண்மையில் 58 அடிதான். மட்டையை நீட்டிக் கோட்டுக்குள் தட்டாமல் பாதியில் திரும்பிவிட்டால் நடுவர் தன் தோள்பட்டையை விரல்நுனியால் தொட்டுக் காட்டுவார். அது 'ஷார்ட் ரன்', கணக்கில் சேராது.

பவுண்டரி என்ற ஏற்பாடு வருவதற்கு முன் எல்லாவற்றையும் ஓடித்தான் எடுக்கணும். அப்புறம் எல்லைக் கோடு வந்தது. ஓடாமலே நாலும் ஆறும் தர ஆரம்பித்தார்கள். ஆனால் கணக்கின் அலகு ஏற்கெனவே ரன் என்று நிலைத்துவிட்டது. வைட், நோ பால் போட்டால்கூட ரன் ஏறுகிறதே, அங்கே ஓடியது யார்? 18-ஆம் நூற்றாண்டில் ரன்னை 'நாட்ச்' என்றும் சொன்னார்கள். கணக்கெழுதுகிறவர் குச்சியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டுப் போடுவாராம், அதனால் அந்தப் பெயர்.

பேஸ்பாலிலும் ரன் உண்டு, ஆனால் விலை அதிகம். 90 அடிக்கு ஒன்றாக நாலு முனைகளையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். கிரிக்கெட்டில் 300 ரன் சாதாரணம், பேஸ்பாலில் பத்து எடுத்தாலே நல்ல ஆட்டம்.

'ரன் அவுட்' என்றால் பேட்ஸ்மேன் ஆட்டமிழப்பது. அப்புறம் எப்படி பெட்ரோலும் 'ரன் அவுட்' ஆகிறது?

இரண்டும் ஒரே எழுத்து, வேறு கட்டுமானம். கிரிக்கெட்டில் 'ஹீ வாஸ் ரன் அவுட்'. அவரை யாரோ அவுட் ஆக்கினார்கள், அதனால் செயப்பாட்டு வினை. பெட்ரோலை யாரும் ஸ்டம்பில் அடிக்கவில்லை, அது தானாகத் தீர்ந்துபோனது: 'த பெட்ரோல் ரேன் அவுட்'. இங்கே அவுட் என்பது 'முழுக்க, மிச்சமில்லாமல்' என்ற பொருளைத் தருகிறது. வழிந்தோடி முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் பதிலில் சொன்ன திரவம்தான் இது.

அதிகம் பேர் இடறுவது அடுத்த படியில். பெட்ரோலை எழுவாயாக வைத்தால் 'ரேன் அவுட்' போதும். நம்மை எழுவாயாக வைத்தால் 'ஆஃப்' கட்டாயம்: 'வி ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல்'. 'வி ரேன் அவுட்' என்று மட்டும் நிறுத்தினால், பேச்சில் முன்பே பெட்ரோல் வந்திருந்தாலொழிய, நாங்கள் வெளியே ஓடினோம் என்று ஆகிவிடும். 'ஆஃப்' இருந்தும் வெளியே ஓடுவது வரலாம்: 'ஷீ ரேன் அவுட் ஆஃப் த ரூம்' என்றால் அறையைவிட்டு ஓடினாள். அறை தீர்ந்துபோகவில்லை. பின்னால் வருவது இடமா, தீரக்கூடிய பொருளா என்று பார்த்தால் போதும். ஆனால் 'ரூம்' என்பதற்கு இடவசதி என்றும் பொருள் உண்டு. 'த'வை எடுத்துவிட்டு 'வி ரேன் அவுட் ஆஃப் ரூம்' என்றால் வைக்க இடமில்லாமல் போயிற்று. ஒரு குட்டி 'த' என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்.

'ஐ ரேன் இன்டு மை டீச்சர்' என்றால் ஆசிரியரை இடித்துவிட்டானா?

பெரும்பாலும் தற்செயலாகச் சந்தித்தான். காரில் வந்து 'ரேன் இன்டு எ ட்ரீ' என்றால் மரத்தில் மோதினான். ஆசிரியரைச் சந்திப்பதும் மரத்தில் மோதுவதும் ஆங்கிலத்துக்கு ஒன்றுதான், நமக்குச் சூழ்நிலைதான் துணை. 'ரன் இன்டு ட்ரபிள்' என்றால் சிக்கலில் மாட்டுவது. எண் பின்னால் வந்தால் பொருள் வேறு: செலவு 'ரன்ஸ் இன்டு மில்லியன்ஸ்' என்றால் செலவு பல மில்லியனைத் தொடுகிறது.

பெயர்ச்சொல்லாக 'ரன்-இன்' என்றால் உரசல், வாய்த்தகராறு. ஆசிரியரோடு 'ரன் இன்டு' நடந்தால் வணக்கம் சொல்லலாம்; 'ரன்-இன்' நடந்தால் தள்ளிப் போவது நல்லது.

'ரன் ஓவர்', 'ரன் த்ரூ', 'ரன் பை', 'ரன் பாஸ்ட்'. இதையெல்லாம் எப்படி நினைவு வைப்பது?

மனப்பாடம் செய்யாமல், ஓடுவதைக் கண்ணில் பாருங்கள். 'ரன் ஓவர்' என்றால் மேலே ஏறி ஓடுவது. வண்டி நாய்மேல் ஏறினால் ரன் ஓவர். பாத்திரம் நிரம்பி விளிம்புமேல் வழிந்தாலும் ரன் ஓவர். கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டாலும் ரன் ஓவர். குறிப்புகளை ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பதும் ரன் ஓவர்தான்; நம் 'மேலோட்டம்' என்ற சொல்லிலும் ஓட்டம் ஒளிந்திருக்கிறது. வண்டி ஏறுவதில் மட்டும் சொல்லின் இடத்தை மாற்றலாம்: 'ரன் ஹிம் ஓவர்'. குறிப்புகளுக்கு அப்படி மாற்றினால், குறிப்புத்தாள்மேல் வண்டி ஏற்றியதாக ஆகும்.

'ரன் த்ரூ' தொடக்கம் முதல் முடிவுவரை ஒருமுறை போய்ப் பார்ப்பது, ஒத்திகை மாதிரி. 'ரன் பை', 'ரன் பாஸ்ட்' இரண்டும் ஒன்றே: 'ரன் இட் பை யுவர் பாஸ்' என்றால் ஒரு யோசனையை மேலாளர் காதில் போட்டு அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பது.

'ரன் டவுன்' திட்டுவதா, சோர்வா, சுருக்கமா? மூணும் சொல்றாங்க.

மூன்றும் சரி. எழுதும் விதத்தைப் பாருங்கள். இடம்விட்டு வினையாக வந்தால் ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவது, வண்டியால் இடித்துத் தள்ளுவது, பேட்டரி தீர்வது, தேடித் தேடிக் கண்டுபிடிப்பது எல்லாம் ஆகும். நடுவில் சிறு கோடு போட்டு உரிச்சொல்லாக வந்தால் கட்டடத்துக்குப் 'பாழடைந்த', மனிதருக்கு 'உடம்பு தளர்ந்த'. சேர்த்து எழுதிய பெயர்ச்சொல் என்றால் சுருக்கமான விவரம்: 'கிவ் மி த ரன்டவுன்', என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்.

பேசும்போது கோடு தெரியாதே என்றால், அழுத்தத்தைக் கேளுங்கள். பெயர்ச்சொல்லில் 'ரன்' அழுத்தமாக விழும். வினையில் 'டவுன்' அழுத்தமாக விழும். ரன்-அப், ரன்-ஆஃப், ரன்அவே எல்லாவற்றுக்கும் இந்த விதி உதவும். ரன்-அப் என்பது பந்துவீச்சாளர் ஓடிவருவது. ஒரு நிகழ்வுக்கு முந்தைய நாட்களும் அதே ரன்-அப். ரன்-ஆஃப் மழைநீர் வழிந்தோடுவது; தேர்தலில் வேறு பொருள், அது அடுத்த பதிலில்.

தேர்தலில் 'ரன்' பண்ணுவதா, 'ஸ்டாண்ட்' பண்ணுவதா?

அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், 'ரன் ஃபார் பிரசிடென்ட்'. பிரிட்டனில் நிற்கிறார், 'ஸ்டாண்ட் ஃபார் பார்லிமென்ட்'. தமிழிலும் தேர்தலில் நிற்பதுதான் வழக்கம். ஓடினார் என்று எழுதினால் வாபஸ் வாங்கிவிட்டார் என்றே படிப்பார்கள். அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்பார்கள். அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது.

முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் முதல் இரண்டு பேருக்குள் மறுபடி நடக்கும் வாக்கெடுப்புதான் 'ரன்-ஆஃப்'. பிரான்ஸ் அதிபர் தேர்தல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022-இல் முதல் சுற்று ஏப்ரல் 10, இரண்டாம் சுற்று ஏப்ரல் 24.

பிரிட்டனும் அமெரிக்காவும் பிரிகிற இன்னும் இரண்டு இடம்: சிவப்பு விளக்கை மீறிப் போவது அமெரிக்காவில் 'ரன் எ ரெட் லைட்', பிரிட்டனில் 'ஜம்ப்'. மெல்லிய காலுறையில் இழை பிரிந்து நீளமாகக் கிழிந்தால் அமெரிக்காவில் 'ரன்', பிரிட்டனில் 'லேடர்'.

செய்தியில் 'பேங்க் ரன்' என்றார்கள். வங்கியை நடத்துவதா?

நேர் எதிர். வங்கி மூழ்கப்போகிறது என்ற பயத்தில் போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவது. எந்த வங்கியும் வாங்கிய பணம் முழுவதையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விட்டிருக்கும். அதனால் நல்ல நிலையில் உள்ள வங்கிகூட இந்த ஓட்டத்தில் சாய்ந்துவிடலாம். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க உத்தரவு குவிந்தது. இந்த முறை வாசலில் பெரிய வரிசை தேவைப்படவில்லை, கைப்பேசியே போதுமாக இருந்தது. மறுநாள் வங்கி மூடப்பட்டது.

நடத்துகிற பொருள் வேண்டும் என்றால் வரிசையை மாற்றுங்கள்: 'ரன் எ பேங்க்'. 'எ ரன் ஆன் த பேங்க்' என்றால் ஓட்டம்.

காய்ச்சலை யாராவது 'ரன்' பண்ணுவாங்களா? 'ஹீ இஸ் ரன்னிங் எ ஃபீவர்' என்கிறார்களே.

பண்ணுவதில்லை, வருகிறது. காய்ச்சல் அடிக்கிறது, அவ்வளவே. 'ரன் எ ரிஸ்க்' என்றால் ஆபத்துக்கு ஆளாவது. ஐந்தாம் பதிலில் பார்த்த 'நடத்து' இங்கே செல்லாது, ஏனென்றால் இதில் அவர் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. 'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்றால் அது பரம்பரையாக வருவது. வழுக்கையும் இருக்கலாம், சங்கீதமும் இருக்கலாம்.

கம்ப்யூட்டரில் புரோகிராமை 'ரன்' பண்ணுவதற்கு நல்ல தமிழ் என்ன?

'இயக்கு', 'இயங்கு'. ஓடு, ஓட்டு இணை மாதிரியே இதுவும் ஓர் இணை, அதனால் கச்சிதமாகப் பொருந்தும். நீங்கள் இயக்கினீர்கள், புரோகிராம் இயங்கியது. பேச்சில் "கோட் ரன் ஆகுது", "ரன் பண்ணு" என்பதை யாரும் மாற்றப்போவதில்லை. 'ரன்ஸ் ஆன்' வந்தால் எதன்மேல் அல்லது எதனால் இயங்குகிறது என்று அர்த்தம்: லினக்ஸில் இயங்கும், டீசலில் இயங்கும். 'ட்ரை ரன்' என்றால் நிஜமாக எதையும் மாற்றாமல் பார்க்கும் ஒத்திகை. 'ட்ரையல் ரன்' என்பதற்கு நம்மிடம் 'வெள்ளோட்டம்' என்ற அருமையான சொல் இருக்கிறது. பயன்படுத்துங்கள்.

'ரன் லோ', 'ரன் ட்ரை', 'ரன் ஹை', 'ரன் டீப்'. இதில் ஓட்டமே காணோமே?

ரன்னுக்குப் பின்னால் தன்மையைச் சொல்கிற சொல் நேராக வந்தால், அது கிட்டத்தட்ட 'ஆகு' என்ற வேலையைச் செய்கிறது. கிணறு 'ரேன் ட்ரை', வற்றிப்போனது. இருப்பு 'இஸ் ரன்னிங் லோ', குறைந்துகொண்டே வருகிறது. 'டெம்பர்ஸ் ரேன் ஹை', ஆளுக்கு ஆள் கொதித்துப்போனார்கள். 'ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்' என்ற பழமொழியை 'நிறைகுடம் தளும்பாது' என்று மாற்றுவது வழக்கம், பாதிதான் பொருந்தும். நம் நிறைகுடம் முழுப் பாராட்டு. ஆங்கிலப் பழமொழியில் 'அமைதியாக இருக்கிறானே, உள்ளே என்ன இருக்கோ' என்ற சந்தேகமும் சில நேரம் ஒளிந்திருக்கும்.

'ரன் அமாக்' என்பதும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. வெறிபிடித்துத் திரிவது. அந்த 'அமாக்' மலாய் மொழியிலிருந்து போனது.

'ஃபோர் டேஸ் ரன்னிங்' என்றால் நாலு நாள் ஓடினார்களா?

தொடர்ந்து நாலு நாள். எண்ணும் காலமும் முன்னால் வந்து ரன்னிங் கடைசியில் நின்றால் 'தொடர்ச்சியாக' என்று பொருள். ரன்னிங் முன்னால் வந்தால் 'நடந்துகொண்டே இருக்கிற': ரன்னிங் கமென்ட்ரி, ரன்னிங் டோட்டல். பெயர்ச்சொல்லான 'எ ரன் ஆஃப் லக்' என்பதும் இதே தொடர்ச்சிதான், அதிர்ஷ்டம் விடாமல் அடிப்பது.

'ரன்னர்-அப்', 'ரன்-ஆஃப்-த-மில்', 'ரன் த கான்ட்லெட்'. இதற்கெல்லாம் கதை இருக்கா?

இருக்கிறது. ரன்னர்-அப் நாய்ப் பந்தயத்துச் சொல். கடைசிச் சுற்றில் மட்டும் தோற்ற நாய். இப்போது இரண்டாம் இடம் பிடித்த யாருக்கும் வரும். ரன்-ஆஃப்-த-மில் என்பது ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வருகிற சரக்கு. அதனால் 'சாதாரணமான, விசேஷம் இல்லாத'. 'கான்ட்லெட்' என்றால் கையுறை, ஆனால் இந்தத் தொடருக்கும் கையுறைக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்வீடிஷ் மொழியில் 'காட்லோப்' என்றால் சந்தில் ஓடுவது. இருபுறமும் ஆட்கள் வரிசையாக நின்று அடிக்க, நடுவில் குற்றவாளியை ஓடவிடும் ராணுவத் தண்டனை அது. ஆங்கில வாயில் விழுந்து கையுறையாக மாறிவிட்டது.

திருப்பிக் கேட்கிறேன்: தமிழில் 'ஓடு', 'ஓட்டு' வருகிற இடத்திலெல்லாம் ரன் போடலாமா?

முடியாது. "என்னை ஓட்டாதே" என்றால் கிண்டல் செய்யாதே. அதற்கு 'டோன்ட் ரன் மி' என்றால் கேட்பவர் விழிப்பார், 'டீஸ்' தான் சரி. வியாபாரமில்லாமல் ஈ ஓட்டுவதற்கும் ரன் வராது. "மூளை ஓடலை" என்பதற்கு 'மை பிரெய்ன் இஸ் நாட் வொர்க்கிங்'.

"ஓடிப்போயிட்டாங்க" மட்டும் பொருந்தும். வீட்டைவிட்டு ஓடினால் 'ரன் அவே'. துணையோடு ஓடினால் 'ரன் ஆஃப் வித்'. பணப்பெட்டியோடு ஓடினாலும் அதே 'ரன் ஆஃப் வித்' தான், அதனால் பின்னால் வருவது ஆளா பெட்டியா என்று பார்த்துவிட்டு மொழிபெயருங்கள்.